வண்டுப் பெட்டியும் அப்பாவின் சம்சயமும்

பெட்ரோலும் ஈரத் திருநீறும் கலந்த ஒரு மணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதில், திங்களும் வெள்ளியும் விடிந்த கையோடு, நெய்யாற்றுக் கடவில் கட்டிக் கிடந்த எங்கள் எஞ்சின் படகான "போட்டு"க்குள் கால் வைக்கும்போது அந்த மணம் குப்பென்று வரும். இதை எழுதும்போதும் வருகிறது, கூடவே யாரோ என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் வருகிறது. பால்காரர் சிரித்துக்கொண்டு வந்தால் பாலைப் பார்ப்பேன், சிரிக்காமல் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும், இது எனக்கு அப்பா வழியில் வந்த சொத்து.

மகாராஜா ஆண்ட காலம் அது. அப்பா நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஊரார் கொடுக்கும் மனுக்களை வாசித்தே ஓய்ந்தவர். மனுவில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டது. எதற்கும் "எனக்கொரு சம்சயம்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். "இந்த மனுசனுக்கு கஞ்சியில உப்பு கூடினாலும் சம்சயம், குறைஞ்சாலும் சம்சயம்" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள். அப்படிப்பட்டவர் உத்தியோகம் முடிந்ததும் போயும் போயும் ஒரு பழைய எஞ்சினை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கொல்லத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வேண்டாமென்று கழித்துவிட்ட எஞ்சினை வாங்கி, ஒரு பெரிய வள்ளத்தின் நடுவில் வைத்துப் பூட்டி, கொல்லயில் ஊர்ப் பக்கத்துத் தேங்காயையும் சந்தைக்குப் போகிற ஆட்களையும் ஏற்றிக் கடலோரப் பூவாற்றுக்கு விட்டார்.

எஞ்சினை ஓட்ட வந்தவர் அந்தோணி. கடற்கரைக்காரர், கொல்லத்தில் போட்டு ஓட்டிப் பழகியவர், அதிகம் பேசாதவர். பேசாதவர் என்பதே அப்பாவுக்கு ஒரு சம்சயம். அந்த எஞ்சினுக்குத் தீ எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். பலகைக்கு அடியில் நாலு பாட்டரி. அதிலிருந்து ஒரு கம்பி போய்ச் சேருகிற மரப்பெட்டி, வேலை செய்யும்போது வண்டு போல் இரையும்; அதனால் எங்களுக்கு அது "வண்டுப் பெட்டி". பெட்டியிலிருந்து தடித்த கம்பி ஒன்று எஞ்சினின் தலையில் செருகியிருந்த "பிளக்கு"க்குப் போகும். பிளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான், கீழ்நுனி இரும்பு. அந்த நுனியில் எஞ்சினுக்கு உள்ளே தீப்பொறி தெறித்தால் பெட்ரோல் பற்றும், சக்கரம் சுற்றும், போட்டு நகரும். பொறி தெறிக்கவில்லையா, எல்லாரும் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

அந்தச் சித்திரை மாதத்தில் போட்டு மக்கர் பண்ணத் தொடங்கியது. எல்லா நாளும் அல்ல. திங்களும் வெள்ளியும் மட்டும், அதுவும் காலையில் மட்டும். அந்தோணி சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் ஓய்ந்துபோவார். பாட்டரியை மாற்றிப் பார்த்தார். கம்பியைச் சுரண்டி முறுக்கிக் கட்டினார். வண்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே துடிக்கிற முள்ளை உப்புத்தாளால் தேய்த்தார். வண்டு நன்றாகத்தான் இரைந்தது, எஞ்சின்தான் அசையவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணி, பத்து மணி ஆனதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். அதற்குள் சந்தைக்காரர்கள் துடுப்பு வள்ளங்களில் ஏறிப் போயிருப்பார்கள்.

திங்களும் வெள்ளியும் பூவாற்றில் சந்தை. இது போதாதா அப்பாவுக்கு?

"எனக்கொரு சம்சயம். சீக்குன்னா எல்லா நாளும் வரணும். சந்தை நாளு பாத்து வாற சீக்கு, எஞ்சின் சீக்கு இல்ல, மனுசன் சீக்காக்கும்" என்றார் வீட்டில். துடுப்பு வள்ளக்காரர்கள் அந்தோணியைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்பது அவர் முடிவு. கையில் பிடிக்க ஒரு சாட்சி இல்லாததால்தான் பொறுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் அடைத்திருந்த சமயமாதலால் என்னைக் கூட்டிப் போய் எஞ்சினுக்கு எதிரே உட்கார வைத்தார். "மக்கா, அவன் கை எங்கெல்லாம் போகுதுன்னு பாத்துக்கோ. எனக்கு கண்ணு நீயாக்கும்" என்றார். நாலு அண்ணன்மார்களுக்குப் பிறகு பெண்ணாய்ப் பிறந்து, அப்பா நின்று பேசுவதே அபூர்வமாக இருந்த எனக்கு அந்தச் சொல் தேன் குடித்த மாதிரி இருந்தது. நான் கண் சிமிட்டாமல் பார்த்தேன். ஆனால் சொல்வதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு திங்கட்கிழமை. அப்பா தேங்காய் எண்ண வண்டிப்பக்கம் போயிருந்தார். அந்தோணி பிளக்கைக் கழற்றாமல் அதையே வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு இடுப்புத் துண்டின் நுனியால் பீங்கானைச் சுற்றி அழுத்தித் துடைத்தார். துண்டில் வெள்ளையாய் ஒட்டியது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் "படபட"வென்று பிடித்துக்கொண்டது.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

"குஞ்ஞே, அப்பன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். பீங்கான்ல ஈரம் பட்டா தீ உள்ள போவாது, வெளிய கூடி ஒழுகிப் போவும். அதாக்கும் இந்த எஞ்சினுக்க சீக்கு. நான் சொன்னா ஏமான் வேற அர்த்தம் எடுப்பாரு. நான் வேதக்காரன் இல்லியா? நீ சொன்னா கேப்பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

விஷயம் இதுதான். அப்பா திங்களும் வெள்ளியும் ஆற்றில் குளித்துத் திருநீறு குழைத்துப் பூசுவார். தான் பூசிய கையோடு போட்டுக்குள் குனிந்து எஞ்சினுக்கும் மூன்று கோடு இழுப்பார். கரியும் எண்ணெயும் பிசுபிசுத்த அந்த இரும்பில் சுத்தமான இடம் பிளக்கின் பீங்கான் ஒன்றுதான். "எஞ்சினுக்க நெத்தி" என்று அதைத்தான் சொல்வார். வெள்ளைமேல் வெள்ளை, காய்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆற்றங்கரை முழுக்கச் சம்சயப்பட்ட மனிதருக்குத் தன் மூன்று விரல்மேல் சம்சயம் வரவில்லை.

அன்று மாலை அப்பா வழக்கம்போல் கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

"அந்தோணி துண்டால திருநீறை அழிச்சாருப்பா."

அப்பாவின் முகம் மாறியது. "ஏன் அழிச்சான்" என்று அவர் கேட்கவில்லை. என் தலையைத் தடவி "கெட்டிக்காரி" என்றார். மீதியைச் சொல்ல நான் வாயெடுத்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். நான் வாயெடுக்கவில்லை. தலைமேல் இருந்த அந்தக் கை போய்விடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடவில் சந்தைக்கூட்டம் நின்றது. அத்தனை பேர் நடுவில் அப்பா கத்தினார்.

"எலே, என் திருநீறுல கை வைக்க நீ ஆருலே? எஞ்சினையும் கெடுத்து, சாமி காரியத்துலயும் கை வைக்கியா, கள்ளப்பயலே!"

அந்தோணி நிதானமாகத்தான் பதில் சொன்னார். "ஏமானே, நான் கள்ளனில்ல. குஞ்ஞுகிட்ட கேளுங்க. எல்லாம் அதுக்குத் தெரியும்."

"குஞ்ஞு தாம்லே சொல்லிச்சு!"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்குத் தப்பிப்போன ஆளைப்போல் பார்த்தார், அவ்வளவுதான். இடுப்பிலிருந்த திருகுசாவியை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனார். கள்ளன் என்று கடவில் பெயர் விழுந்துவிட்டால் அந்த ஆற்றில் ஒருவரும் போட்டை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். அவரை அதன்பின் எந்தப் போட்டிலும் பார்க்கவில்லை. குடும்பத்தோடு வடக்கே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

புது ஆள் வந்தார். அடுத்த திங்களும் எஞ்சின் பிடிக்கவில்லை. வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முந்தின காலை, வானம் கறுத்து, போட்டுக்குள் அரை இருட்டு. புது ஆள் சக்கரத்தைச் சுற்ற, அப்பா பிளக்கின்மேல் குனிந்தார், நானும் குனிந்தேன். வண்டு இரைந்தது. பீங்கானில் அப்பா இழுத்த மூன்று கோட்டின்மேல் நீல நிறத்தில் தீ புழுப்போல் நெளிந்து ஓடியது. உள்ளே தெறிக்க வேண்டிய பொறியெல்லாம் திருநீற்றில் ஏறி இறங்கி வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கும்பிடத் தோன்றியது. அப்பா கும்பிடவில்லை. மேல்வேட்டியால் தானே துடைத்தார். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. பூவாறு போய்ச் சேர்ந்து தேங்காயை இறக்கினோம். திரும்பும்போது நான்தான் கேட்டேன், அந்தோணியைக் கூப்பிட்டு அனுப்பலாமா என்று.

"எனக்கொரு சம்சயம், மக்கா" என்றார் ஆற்றைப் பார்த்தபடி. "அவனுக்கு இது தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவன் சொல்லியிருக்கணும் இல்லியா? சொல்லல்ல பாத்தியா, அதாக்கும் கள்ளத்தனம்."

"அவரு சொன்னாருப்பா, எங்கிட்ட சொன்னாரு." இந்த நாலு வார்த்தைதான். அன்றும் அது என் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து அப்பா திருநீற்றைப் போட்டின் முகப்பு மரத்தில் பூசினார், போட்டு ஒருநாளும் நிற்கவில்லை.

இப்போது அந்தக் கடவு இல்லை. இருந்த இடத்தில் கைதைப் புதர் மண்டிக் கிடக்கிறது, சந்தைக்குப் போகிறவர்கள் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகிறார்கள், எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அப்பா போய் நாற்பது வருஷமாகிறது. கடைசிப் படுக்கையில் வைத்தியர் கொடுத்த மருந்தை, என் அண்ணன்மார்கள் கொண்டுவந்தால் கையால் தட்டிவிடுவார். அவர்கள்மேல் சம்சயம். "நீ தா மக்கா" என்று என் கையால் மட்டுமே வாங்கிக் குடித்தார்.