புலி மாதிரி உறுமிய லாரி

தாராவியில் என் கணவர் சொந்த லாரி ஓட்டுகிறார். உயரத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்றை இழுக்கும் கம்பெனிக் குழாயைக் கழற்றிவிட்டு, என் கொழுந்தன் பளபளக்கும் புது ஏர் இன்டேக்கை பம்பரை ஒட்டி மாட்டினான். "சத்தத்தக் கேளுங்க மைனி, புலி மாரி உறுமுதுல்லா!" என்று குதித்தான்.

முதல் பெருமழையிலேயே செம்பூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். இன்டேக் அதையும் இழுக்க, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரே இடியோடு செத்தது. உள்ளே புகுந்த தண்ணீரை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் இரும்புத் தண்டான கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. என் வளையல்களை விற்றுத்தான் சரிசெய்தோம்.

"மழ பேஞ்சா நான் என்ன செய்ய மைனி?" என்றான் கொழுந்தன்.

இப்போது லாரியில் பழைய குழாய்தான். கொழுந்தன் சாப்பிட வந்தால், அந்த வளைந்த ராடைத் துடைத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சோறு போடுகிறேன். அவன் மறுசோறு கேட்பதே இல்லை.