கராஜில நிக்கிற எங்கட கார்

காரை முருங்கனில ஒரு கராஜில திருத்தக் குடுத்து மாசக்கணக்காப் போச்சு. கராஜ்காரத் தம்பி போனை எடுக்கிறதே அருமை. எடுத்தாலும், "கொழும்பில இருந்து சாமான் வரவேணும் அக்கா. வந்தா நானே சொல்லுறன்" எண்டு வைச்சிடுவார்.

இண்டைக்கு அப்பாவுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில கண் கிளினிக். ஒரு கண்ணில கட்டோட மனுசன் பஸ்ஸில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

மன்னார்ப் பாலம் தாண்டி பஸ் ஆக்களை இறக்க நிண்டுது. பக்கத்துக் கடை வாசலில ஒரு வெள்ளைக் கார் வந்து நிண்டுது. நம்பரைப் பாத்தா எங்கட கார்! இறங்கினது கராஜ்காரத் தம்பியும் அவற்ற மனுசியும்.

உடனே கோல் எடுத்தன். அதிசயமா எடுத்திட்டார்.

"கார் இன்னும் ஜக்கில தூக்கினபடிதான் நிக்குது அக்கா."

"ஒருக்காத் திரும்பி பஸ்ஸைப் பாருங்கோ தம்பி."

திரும்பினவருக்கு முகம் செத்துப்போச்சு.

அப்பாவை இறக்கிக்கொண்டு போய்க் கார்த் திறப்பைக் கேட்டன். "வேலை எப்ப முடிஞ்சது?"

"போன கிழமை அக்கா. சொல்ல மறந்திட்டன்."

வந்த கோவத்தில திறப்பைப் பறிச்செடுத்தன். அப்பாவை ஏத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போயிட்டன்.

உங்கட வாகனமும் கராஜிலயோ? எதுக்கும் ரோட்டையும் ஒருக்காப் பாருங்கோ.