மதினியின் மாலை எச்சில்

எச்சில் கேட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களை முதலில் திட்டியவள் நான்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் நோனா, சிங்களப் பெண்மணி, பெட்டி நிறையக் குப்பிகளும் பஞ்சுச் சுருள்களுமாக வந்து இறங்கினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னையே அவருக்குத் துணையாக விட்டார்.

ரத்தம் கேட்டால்கூடச் சரி, எச்சிலை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். நோனா பொறுமையாகச் சொன்னார். மனசு பதறினால் உடம்பு ஒரு நீரைச் சுரக்கும். அது ரத்தத்தில் ஓடும், எச்சிலிலும் கொஞ்சம் கசியும். விடியற்காலையில் ஏறி நிற்கும், பொழுது சாயச் சாய இறங்கிவிடும். கவலை தின்கிற உடம்பில் அது சரியாக இறங்காது. ஊசி குத்தாமலே அதை அளந்துவிடலாமாம்.

எங்கள் பெண்கள் லேசில் துப்பிவிடுவார்களா? "எச்சிய கொண்டுபோயி செய்வினை வச்சிட்டா யாரு பாக்கிறது?" என்றாள் ஒருத்தி. வெற்றிலை போடாமல் தரவேண்டும் என்றதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். "சோறில்லாம கெடப்பேன், வெத்தல இல்லாம ஏலாதும்மா." வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் கெஞ்சி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

கூப்பிடாமலே வந்தவர் என் மதினிதான்; என் அண்ணனின் மனைவி. பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த நேரம் அது. மதினியின் அம்மாவும் தம்பிகளும் முன்னமே போய்விட்டார்கள். என் புருஷனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்ததால் நான் இங்கேயே இருக்க வேண்டியவள். மதினிக்குப் போக மனசே இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. மலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் புதைத்திருந்தோம். வேலை முடிந்தால் அங்கே கொஞ்ச நேரம் நிற்காமல் மதினி வீட்டுக்கு வரமாட்டார்.

"அத தனியா விட்டுட்டு நா எப்பிடி போவேன்?" என்று என்னிடம் மட்டும் அழுவார்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க மதினி. வாயில என்னா கொழுக்கட்டையா?"

"அங்க போனா காணி தருவாங்க, வீடு தருவாங்கன்னு அவங்க ஆசையா பேசிக்கிட்டு திரியிறாங்க. நா சொல்லி அத கெடுக்கவா? நீயும் சொல்லக் கூடாது. பிள்ள மேல சத்தியம்."

செத்துப்போன பிள்ளை மேல் சத்தியம் வாங்கிவிட்ட மனுசியை என்னதான் செய்வது?  அண்ணனிடம் சொல்லவில்லை.

குப்பியை நீட்டியபோதுதான் மதினி மெல்லக் கேட்டார். "மனசுல உள்ளது இதுல தெரியும்ல? தெரிஞ்சா நோனா ஒங்கண்ணன்கிட்ட சொல்லிருவாங்கல்ல? நானா வாய் தொறந்து சொன்ன மாதிரி இருக்காதுல்ல?"

"ஏன் மதினி, இதென்ன கோயில்ல குறி கேக்கிறதா? பதறுதுன்னுதான் தெரியும், எதுக்குப் பதறுதுன்னு தெரியாது" என்று பட்டென்று சொன்னேன். அவர் காதில் விழவேயில்லை. குப்பி கொடுத்த நாட்களில் வெற்றிலையைத் தொடவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை, பஞ்சை அவ்வளவு பக்தியாக மென்று குப்பிக்குள் போட்டார். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

குப்பிகள் ஐஸ் பெட்டியில் போயின. வெளிநாட்டில்தான் சோதிக்க முடியுமாம். மாதங்கள் ஓடின. அதற்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் இரண்டு பேருடைய பெயரையும் வெட்டினார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. புறப்பட ஒரு வாரம் இருந்தபோது நோனா முடிவோடு வந்தார்.

கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். "காலையில எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான் இருக்காம். பொழுது போனாத்தான் எறங்கவே இல்லையாம். வேலையில இல்ல, வீட்டுக்கு வந்த பெறகுதான் ஒடம்பு பதறுதாம்." பிறகு நோனா அண்ணனை ஒரு பார்வை பார்த்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "நா அடிக்கிறேன்னு நெனைக்கிறாங்களா? கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இவ மேல ஒரு அடி விழுந்திருக்குமா? இவகிட்டயே கேக்கச் சொல்லு தங்கச்சி!"

"ஐயோ, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க!" மதினி பதறி எழுந்தார். இத்தனை காலம் பூட்டி வைத்திருந்தது அப்படியே கொட்டிவிட்டது. "பிள்ளகிட்ட நின்னுட்டுத்தான் நா வீட்டுக்கு வாறேன். இன்னைக்கும் ஒரு நாளு கொறைஞ்சு போச்சேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. பிள்ளைய விட்டுட்டு எனக்கு வர ஏலாதுங்க. ஏலாது."

அண்ணன் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கருந்து ஒன்னய பிரிக்கத்தானேடி எழுதிக் குடுத்தேன்? அந்தியானா அங்க போயி நிக்கிறியே, பைத்தியம் புடிச்சிருமோன்னு பயந்து போனேன். ஒங்கம்மாகிட்ட கொண்டுபோயி விட்டா தெளிஞ்சிருவன்னு நெனைச்சேன். எனக்கெதுக்குடி காணி? எனக்கு மட்டும் அது பிள்ள இல்லையா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே வேணாம்னு எழுதிப் போட்டிருப்பேனே!"

என்ன சொல்கிறார் என்று நோனா என்னைக் கேட்டார்.  முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஒரு வாரமும் அண்ணன் அலைந்தார். தோட்டத்து ஆபீசுக்குப் போனார், அட்டனுக்குப் போனார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, இனி இங்கே இருந்தால் பொலிஸ் வந்து ஏற்றிவிடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். நோனாவும் தன்னால் ஆனமட்டும் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். வாய் திறக்காத மதினி மேல், கேட்காமலே எழுதிக் கொடுத்த அண்ணன் மேல், இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தும் நேரத்துக்கு வராத அந்தக் குப்பிகள் மேல். யாரைப் பிடித்து உலுக்கினால் ஆறும் என்று தெரியவில்லை.

அட்டன் ஸ்டேஷனில் கோச்சி நின்றது. எங்கும் ஒரே ஓலம். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மதினி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தியில ஒரு எட்டு போயி பாத்துட்டு வா. போனா சும்மா நிக்காத. நா இல்லன்னு பிள்ள பயந்துக்கும். அத்தை வந்திருக்கேன்னு சத்தமா சொல்லு."

கோச்சி போனது. அன்று மாலையே மலையேறிப் போனேன். பனி மூடியிருந்தது, ஆள் நடமாட்டமில்லை.

"அத்தை வந்திருக்கேன்" என்றேன். பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.