கட்டைவிரல் இல்லாதவருக்கு எந்த ரீல்?

1. ஒரு கூடைச் சிக்கு

நான் தூண்டில் கடையில் சேர்ந்த முதல் நாள், கடைக்கார அண்ணாச்சி ஒரு கூடை நிறையச் சிக்கு விழுந்த நரம்பைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். நரம்பு என்றால் தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு.

"சொர்ணம், இத எடுத்துட்டேன்னா நாளைக்கும் வா. முடியலன்னா இப்பவே சொல்லிரு, ஒனக்கும் கஷ்டம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்றார்.

அதுவரை நான் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராது, விரல் வேலை வரும். சாயங்காலத்துக்குள் கூடை காலி. அண்ணாச்சி பாராட்டவில்லை. மறுநாள் இன்னொரு கூடை வைத்தார். அதுதான் அவருடைய பாராட்டு.

முப்பது வருஷம் ஆகிவிட்டது. நரம்பு சுற்றும் ரீலைப் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவதுவரை எல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வருவதில்லை. ஆனாலும் ரீல் வாங்க வருகிறவர்கள் என்னைத்தான் தேடுகிறார்கள். கேட்பது ஒரே கேள்வி. ஸ்பின்னிங் ரீல் வாங்கவா, பெய்ட்காஸ்ட் ரீல் வாங்கவா? செல்போனில் பத்து வீடியோ பார்த்துக் குழம்பிப்போய் வருவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் படித்துக்கொள்வார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2. இரண்டும் இரண்டு விதம்

ஸ்பின்னிங் ரீல், ராடு என்கிற தூண்டில் கம்புக்குக் கீழே தொங்கும். நரம்பு சுற்றிய உருளையை ஸ்பூல் என்போம். தூண்டிலை வீசும்போது இதில் ஸ்பூல் சுற்றாது. கம்பி வளையத்தைத் திறந்து, ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்திருந்து விட்டால் போதும், நரம்பு தானாகக் கழன்று போகும். லேசான இரைக்கு நல்லது. மாவு உருண்டை, மண்புழு, சின்னத் தூண்டில் முள், கெண்டை மீன் என்றால் இதுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பேன்.

பெய்ட்காஸ்ட் ரீல் ராடுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். வீசும்போது ஸ்பூலே சுற்றும். இரை தண்ணீரில் விழுந்த பிறகும் ஸ்பூல் நிற்காமல் சுற்றினால் நரம்பு உள்ளேயே குவிந்து குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். அதனால் கட்டைவிரலை ஸ்பூல் மேலேயே வைத்திருக்க வேண்டும். விட வேண்டிய நேரத்தில் விட்டு, அமுக்க வேண்டிய நேரத்தில் அமுக்க வேண்டும். பழகக் கஷ்டம். ஆனால் பெரிய மீனைப் பாசிக்குள்ளிருந்து இழுத்து எடுக்க இதுபோல் வராது.

இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்ததும் ரீலை எடுத்து வைத்துவிடுவேன். "அக்கா கண்ணுலயே அளவெடுத்துருவா" என்பார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு, மறைப்பானேன்.

3. கையைப் பார்த்தேன்

இசக்கிமுத்து கடைக்கு வந்தது ஒரு வைகாசி மாதம். ஐம்பது வயதை ஒட்டிய ஆள். பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத்தில் நின்ற டர்னர். வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார். ரீல் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டக் கையை வெளியே எடுத்தபோது பார்த்தேன். கட்டைவிரல் இல்லை. பிரஸ் மிஷினில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, அந்த மேல உக்காருத ரீலு ஒண்ணு எடுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "அது ஒமக்கு ஒத்துவராது. கட்டைவெரலு வேணும் அதுக்கு. ஸ்பின்னிங் கொண்டு போங்க" என்றேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். முள் வாங்க வந்த ஒருவர், "அக்கா சொன்னா அதுக்கு அப்பீல் கெடையாது வே" என்று சிரித்தார்.

இசக்கிமுத்து சிரிக்கவில்லை. கை மறுபடியும் பைக்குள் போய்விட்டது. நான் எடுத்து வைத்த சின்ன ஸ்பின்னிங் ரீலை வாங்கிக்கொண்டு போனார். என்ன மீன், எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். அறுந்த நரம்பின் நுனியைச் சுண்டுவிரலில் சுற்றிவைத்திருந்தார்.

"ரெண்டு வெராலு மீனு அக்கா. ரெண்டும் பாசிக்குள்ள போய்த் தலையக் குத்திட்டு. இழுத்தா நரம்பு போச்சு."

"வெராலுக்கா போனிய? மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க கேட்டிய?"

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்தது கிடையாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மெதுவாகச் சொன்னார். பட்டறை முதலாளி நல்ல மனிதர்தான். கை போன பிறகும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. வாசலில் வாட்ச்மேனாக உட்காரச் சொல்கிறார். ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இருவது வருஷமா லேத்துல நின்னவன் அக்கா. கூட வேல பாத்தவனுக்கு நான் கேட்டத் தொறந்து விடணுமாம். அதுக்கு வெராலப் புடிச்சு உசுரோட வித்தாவது பொழைக்கலாம்னு பாக்கேன். சீவலப்பேரிப் பக்கம் ஒரு கொளம், குத்தக எடுத்தவரு நமக்குப் பழக்கம். தூண்டி போட்டுக்கோன்னு சொல்லிட்டாரு."

விரால் பாசிக்குள் கிடக்கிற மீன். கெட்டி நரம்பும் பெய்ட்காஸ்ட் ரீலும் வேண்டும். ரீலுக்குக் கட்டைவிரல் வேண்டும். இதென்னடா பாடு என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. மனிதருக்கு இன்னொரு கை இருக்கிறது.

"இடது கையால வீசுவியளா?"

"வீசுனதில்ல. வீசுனா வரும்."

வலது கைக்காரர்கள் பெய்ட்காஸ்ட் ராடை வலது கையால் வீசிவிட்டு, இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கைப்பிடியைச் சுற்றுவார்கள். இடது கையால் வீசுகிறவர் மாற்றவே வேண்டாம். ராடு இடது கையிலேயே இருக்கும், கட்டைவிரலும் அங்கேயே இருக்கும். இது தெரிந்ததுதான் எனக்கு. தெரிந்தும் முதல் நாள் தோன்றவில்லை.

4. நட்டைக் கட்டி

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் காலி மனை இருக்கிறது. ரீல் வாங்குகிறவர் அங்கே நரம்பு நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி வீசிப் பார்க்க வேண்டும். அதற்குத் தக்கபடி, ஸ்பூல் சுற்றும் வேகத்தை அடக்கும் பிரேக்கை ரீலில் வைத்துக் கொடுப்பேன்.

இசக்கிமுத்து இரண்டு நாள் மத்தியானம் வந்து பெய்ட்காஸ்ட் ரீலை இடது கையால் வீசினார். முதலில் நட்டு அவர் காலடியிலேயே விழுந்தது. ஒருமுறை அண்ணாச்சியின் சைக்கிளில் பட்டு 'டங்'கென்றது. "ஏலே, வெராலு கொளத்துல இருக்குடே, என் சைக்கிள்ல இல்ல" என்று அண்ணாச்சி உள்ளேயிருந்து கத்தினார். இரண்டாம் நாள் கடைசியில் நட்டு நேராகப் போய் எதிர்ச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. இன்னும் தூரம் போகட்டும் என்று பிரேக்கைத் தளர்த்திவிட்டேன். அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். ரீல் முழுக்கக் குருவிக்கூடு.

"அக்கா, அந்தக் கொளத்து வெராலு நட்டு திங்குமான்னு கேட்டுச் சொல்லுங்க. நட்டக் கட்டுனா நல்லாத்தான் போவுது."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விராலுக்குப் போடுவது ரப்பர் தவளை. நட்டு கனம், பறக்கும்போதே நரம்பை இழுத்துக்கொண்டு போகும். தவளை லேசு, காற்றில் தயங்கும். தவளை தயங்கினாலும் ஸ்பூல் தயங்காது. நட்டுக்கு வைத்த பிரேக்கில் தவளையை வீசினால் சிக்காமல் என்ன செய்யும்? இத்தனை வருஷம் எத்தனை பேரை இப்படி அனுப்பினேனோ. அவர்களெல்லாம் தங்கள் கையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் வந்து கேட்கவில்லை, இவர் கேட்டார்.

5. குளத்துக்குப் போனது

ஞாயிற்றுக்கிழமை நானே டவுன் பஸ் ஏறிச் சீவலப்பேரி போனேன். என் முட்டிக்கு அந்தக் குளத்துக் கரை ஏறுவது பெரிய காரியம். ஒரு வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, தவளையைக் கட்டி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக் கொடுத்தேன். ஏழெட்டு வீச்சில் சரியாக வந்தது. பாசி விளிம்பில் தவளை பொத்தென்று விழுந்தது. இடது கட்டைவிரல் ஸ்பூலை அமுக்கி நின்றது. பார்க்க நன்றாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் விரால் ஒன்று அடித்தது. தண்ணீர் பானை உடைந்த மாதிரிச் சிதறியது.

"சுத்துங்க! வேகமாச் சுத்துங்க!" என்று கத்தினேன்.

சுற்ற முடியவில்லை. ரீல் கைப்பிடியின் குமிழ் சுண்டைக்காய் அளவு. அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் இரண்டு விரல் இடுக்கில் பிடித்துச் சுற்றினார், வழுகியது. மறுபடியும் பிடித்தார், வழுகியது. அதற்குள் மீன் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது.

ராடைக் கரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "விடுங்க அக்கா. ஆடிக்குக் கேட்டுல போயி உக்காந்துகிடுதேன்."

நானும் ஓய்ந்துபோயிருந்தேன். அந்தக் குமிழைத்தான் பார்த்தேன். "இது எலுமிச்சம்பழம் தண்டிக்கு இருந்தா உள்ளங்கையில அடங்கும். நாலு வெரலே போதும். உங்க பட்டறையில நைலான் கட்ட கெடக்கும்லா, கடஞ்சுட்டு வாங்க."

"நான் எங்கன கடைய? பசங்ககிட்ட சொல்லித்தான் பாக்கணும்."

"யாரு கடஞ்சா எனக்கென்ன? ஆனா இந்த ஓட்ட அளவு ஒரு மயிரிழ கூடுனாலும் ஆடும். அது கடையிறவன் பொறுப்பு" என்று குமிழைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். களைப்பில் சொன்னதுதான். வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

6. குமிழ்

அப்புறம் அவர் வரவில்லை. ஆடி பிறந்தது. முதல் வாரம் போனது, இரண்டாம் வாரமும் போனது. வாட்ச்மேன் வேலைக்குப் போயிருப்பார், என் முகத்தில் விழிக்க மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். விளக்கம் கேட்டு வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் மத்தியானம் காக்கி உடுப்போடு உள்ளே வந்தார். வாட்ச்மேன் உடுப்போ என்று நினைத்தேன். பக்கத்தில் வந்ததும் எண்ணெய் வாடை அடித்தது. முழங்கையில் இரும்புச் சுருள் ஒட்டியிருந்தது. மேசையில் வெள்ளைக் குமிழ்கள் ஆறு வைத்தார். எடுத்து ஒரு ரீலில் மாட்டிப் பார்த்தேன். ஆட்டம் கிடையாது.

"யாரு கடஞ்சது?"

"பசங்ககிட்ட குடுத்தேன் அக்கா. ரெண்டு குடுத்தானுவ, ரெண்டும் ஆடிச்சு. பாத்துட்டு நிக்க முடியல. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் நானே லேத்துல நின்னுட்டேன். கட்டையப் புடிச்சு இறுக்குத சக்கு சாவிய இடது கையால முறுக்கினேன், வலது உள்ளங்கையால வீலத் தள்ளினேன். பைய பைய வந்துட்டு. மொதலாளி வந்து பின்னால நின்னது எனக்குத் தெரியாது. குமிழ வாங்கி அளவு பாத்தாரு. மறுநா கேட்டுல வேற ஆளு, நான் பழையபடி லேத்துல."

அண்ணாச்சி எழுந்து வந்து குமிழை எடுத்து உருட்டிப் பார்த்தார். "அப்ப வெராலு?" என்றார்.

"நேரம் எங்க இருக்கு அண்ணாச்சி. வேல தலைக்கு மேல கெடக்கு."

புதிதாக ரீல் வாங்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ன மீன், எந்தத் தண்ணீர், எந்த இரை, எந்தக் கை என்று நான்கும் சொல்லுங்கள். சொல்லாமல் எது நல்ல ரீல் என்று கேட்காதீர்கள். கடையில் இருப்பவர் கேட்காமல் எடுத்து வைத்தால், அவர் எத்தனை வருஷ அனுபவம் உள்ளவராக இருந்தாலும் வாங்காதீர்கள். நானாக இருந்தாலும்தான். வீசிப் பார்க்கும்போது நட்டைக் கட்டாதீர்கள், நீங்கள் போடப்போகிற இரையையே கட்டுங்கள்.

இசக்கிமுத்துவின் ரீலில் இன்றுவரை ஒரு விரால்கூட ஏறவில்லை. நான் விற்றதில் அது ஒன்றைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.