பதிலி அக்காவின் பத்து நிமிடம்

சோப்புத் தொழிற்சாலையின் பெட்டி கட்டும் பிரிவில் பெல்ட் நிற்காது. ஒருவர் நகர்ந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். இல்லையென்றால் சோப்புக் கட்டிகள் குவிந்து தரையில் விழும். அங்கே பல மதத்தார் இருந்தார்கள். வழிபடும் நேரம் ஆளுக்கொன்று. யார் போனாலும் அவர் இடத்தில் போய் நின்றவர் ஒரே ஒரு பெண். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் எந்நேரம் கூப்பிட்டாலும் கிடைத்தார். எல்லோருக்கும் அவர் பதிலி அக்கா. அந்தப் பிரிவின் வருகைப் பதிவு என் பொறுப்பு. நான் பார்த்ததையும் அவரே சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன்.

புதிய மேலாளர் வந்ததும் வழிபாட்டுக்குப் போவதைத் தடுத்தார். சங்கச் செயலாளர் விடவில்லை. மதம் மனித உரிமை, முதலாளி போடும் பிச்சை இல்லை என்று மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: மதத்தைப் பதிந்துகொள்பவர்களுக்கு ஷிஃப்டில் பத்து நிமிடம்.

கேன்டீனில் கூடிக் கைதட்டினோம். அக்கா மட்டும் வேலைக்குக் கட்டும் தலைத்துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"எனக்கும் பத்து நிமிஷம் வேணும்."

"எந்த மதம்னு சொல்லுங்கக்கா, வாங்கிடலாம்" என்றார் செயலாளர்.

"மதம் இல்ல. பத்து நிமிஷம் மட்டும்."

சிரிப்பு எழுந்தது. சாமி இல்லாதவங்க யாரைப் பாக்கப் போறாங்க என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"உன் எடத்துல நிக்கிறப்போ, நீ யாரைப் பாக்கப் போறேன்னு நான் கேட்டேனாப்பா?"

செயலாளருக்குத் தர்மசங்கடம். உரிமை வழிபாட்டுக்குத்தான், எல்லோருக்கும் கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிவிடுவார்கள் என்றார். அதன்பின் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் உட்காராமல் நின்றபடியே விழுங்கினார். பேருக்கு எங்கள் மதத்தைச் சொல்லிவிடுங்கள் என்று ஆளாளுக்குத் தங்களுடையதை இரவல் தர வந்தார்கள். அதே பெல்ட்டில் வேலை பார்த்த அவருடைய சொந்தத் தங்கையும் வந்தார்.

"வெறும் பேருதானேக்கா. சொன்னா வாயா வெந்துரும்?"

"அப்ப நீ வேற பேரைச் சொல்லேன்டி."

தங்கை விரும்பி மதம் மாறியவர். அப்போது வீட்டில் அவர் வாங்காத ஏச்சு இல்லை; அவர் பக்கம் பேசியது அக்கா ஒருத்திதான்.

மறுநாள் தங்கை அலுவலக அறைக்குப் போய், தன் மதத்தைத் தானும் சொல்வதாயில்லை, அந்தப் பத்து நிமிடமும் வேண்டாம் என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். செயலாளரும் வேறு வழியின்றி அவர்களோடு நின்றார். தினமும் அறை வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, வாரக் கடைசியில் மேலாளர் அலுத்துப்போய், காரணம் கேட்காமல் எல்லோருக்கும் பத்து நிமிடம் என்று அறிவித்தார்.

முதல் நாள் தன் இடத்தோடு அக்காவின் இடத்தையும் தங்கை பார்த்துக்கொண்டார். அக்கா பக்கவாட்டு முற்றத்துக்குப் போனார். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. உட்காரவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தங்கைக்குக் கை ஓடவில்லை, கட்டிகள் மலையாய்க் குவிந்தன. அக்கா கதவுவரை வந்தார். வராதே என்று தங்கை தலையாட்டினார். அக்கா திரும்பி, கைகளை மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் நடக்கத் தொடங்கினார். மணி அடிக்கும்வரை நடந்தார்.

உள்ளே வந்ததும், என்னதான் பண்ணீங்க என்று செயலாளர் கேட்டார்.

"அதைக் கேக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு, கீழே விழுந்திருந்த கட்டிகளைப் பொறுக்கக் குனிந்தார்.