எலி டாக்டரின் அப்பா

என் மனைவி என்னைப் பார்த்து, "யார்யா நீ, என் வூட்ல இன்னா பண்ற?" என்று கேட்டபோது, இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதில் ஒருவழியாக அவளுக்கும் நக்கல் வந்துவிட்டது என்றுதான் நம்பினேன். எங்கள் ஊர் உறுவையாற்றில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் வீட்டில் நக்கல் என் இலாகா. "பால்காரன்மா, சொம்பு எடுத்தா" என்று நானும் பதிலுக்கு எடுத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சொம்பை எடுத்துவந்து நீட்டினாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரமாகவே அவளுக்கு ஒரு பக்க முகமும் கையும் வெடுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தன. கொசு என்று நினைத்து, கொசுவத்தி வாங்கி வந்து கொளுத்தி வைத்த அறிவாளி நான்.

மறுநாள் காலை, திருக்கனூருக்குப் போக என் குட்டி யானை வண்டியில் கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், அடுக்களை வாசலில் அவள் விழுந்து கிடந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நான் போட்ட கூச்சலில் ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணி, "இரும்பு குடுப்பா, கையில இரும்பு குடு" என்றார். எங்கள் பக்கத்தில் வலிப்பு என்றால் முதலில் இரும்பு, மற்றதெல்லாம் பிறகுதான். என் கையில் இருந்ததை அவள் உள்ளங்கையில் திணித்தேன். விரல்கள் இறுக மூடிக்கொண்டன. பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட தெம்பில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வண்டிக்கு ஓடினேன். சாவியைக் காணோம். சட்டைப்பை, சாமி மாடம், கத்திரிக்காய் மூட்டை, ஒன்றையும் விடவில்லை. "சாவி எங்க, சாவி எங்க" என்று வீட்டைச் சுற்றி வந்தேன்.

"அவ கையிலதானப்பா குடுத்த" என்றார் அண்ணி.

பிடுங்கப் பார்த்தேன். களைக்கொத்து பிடித்துப் பழகிய கை, விடவில்லை.

அப்போதுதான் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், மூளையில் அழற்சி வந்தால் அது எப்படி வலிப்பாக மாறுகிறது என்று எலிகளை வைத்து ஆராய்கிறவள். ஊரில் அவளுக்கு 'எலி டாக்டர்' என்று பட்டம் வைத்ததே நான்தான்.

"அப்பா, கத்தாத. கையப் புடிச்சு இழுக்காத. வாயில எதுவும் வெக்காத. அப்படியே ஒருக்களிச்சாப்புல திருப்பு. எவ்ளோ நேரமா இழுக்குது?"

"எனக்கு எப்படிமா தெரியும், நான் சாவி தேடினு இருந்தேன்."

"இன்னா சாவி?"

சொன்னேன். பெங்களூரில் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டது திரையில் தெரிந்தது.

இழுப்பு அடங்கியது. விரல்கள் தளர்ந்து சாவி தரையில் விழுந்தது. வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அண்ணி அவளை மடியில் கிடத்திக்கொள்ள, புதுச்சேரிக்கு விரட்டினேன். மகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே வந்தாள். முகம் இழுத்ததா, மறதி உண்டா, ஆள் தெரிகிறதா. சொம்புக் கதையைச் சொன்னதும் அவள் குரல் மாறியது.

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லபா. ஆனா இது சும்மா வலிப்பு மாதிரி தெரியல. உடம்பக் காக்குற படையே சில நேரம் மூளைய எதிரின்னு நெனச்சு அடிக்கும். எலிக்குப் பயந்து வூட்டக் கொளுத்தின கததான். சீக்கிரம் புடிச்சா சரி பண்ணலாம். லேட்டானா அம்மாவுக்கு ஞாபகம் திரும்பாமயே போயிடலாம். முதுகுத்தண்டு நீரையும் ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணணுமான்னு கேளு."

வில்லியனூர் தாண்டுவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரம்மாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கத்திரிக்கா யாவாரம் மேடம்."

"இதெல்லாம் யார் சொன்னது?"

போனை நீட்டினேன். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது நடுநடுவே வந்த 'யெஸ்' மட்டும். அந்த யெஸ் எல்லாம் டாக்டரம்மா சொன்னவை. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவரிடம், "பேசறது என் பொண்ணு" என்றேன்.

"யாரு, நர்ஸா?"

"மூளை விஞ்ஞானி."

பாவம், அவரால் எழுந்து ஓடவும் முடியாது. முழுக் கதையையும் கேட்டார்.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளிடம், "இதெல்லாம் நீ கண்டுபுடிச்சதாமா?" என்று கேட்டேன்.

"போபா. எத்தினியோ பேரு எத்தினியோ வருஷமா பண்ற வேல. நான் அதுல ஒரு மூலையில கெடக்கறேன்."

"எனக்குத் தெரிஞ்ச ஒரே மூலை அதான்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோதனை முடிவில், மகள் சந்தேகப்பட்டதே இருந்தது. டாக்டரம்மாவும் முதலிலேயே அதைத்தான் நினைத்தாராம். என் மனைவிக்கு ஸ்டீராய்டு ஏற்றினார்கள். முகம் இழுப்பது முதலில் நின்றது, பிறகு வலிப்பு நின்றது. ஞாபகம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் மட்டும் அவளுக்கு நினைவில் இல்லை. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள்.