குழி தோண்டாத வேலி

போன வாரம் என் மகள் மாடிப்படி வரை தவழ்ந்து போய்விட்டாள். படிக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கதவு மாட்டிக்கொள்ளலாமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "சுவத்துல ஓட்டை மட்டும் போட்டுடாதீங்கம்மா" என்றார். "சரிங்கக்கா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஓட்டை போடாமல் நிற்கும் தடுப்பு எது, குழந்தை பிடித்து இழுத்தால் அது விழுமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. கோபம் மட்டும் நிச்சயமாக இருக்கிறது. அது புதிய கோபம் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரகடம் சாலையை அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் இருபது செம்மறிகள் இருந்தன. சாலையை ஒட்டிய எங்கள் கழனியில் இரண்டு வருடமாக நெல் வைக்கவில்லை. மழைக்குப் புல் முழங்கால் உயரம் நின்றது. ஆடுகளை மொத்தமாக விட்டால் கொழுந்தை மட்டும் கடித்துவிட்டு மீதியை மிதித்து நாசம் செய்யும். அதனால் கழனியை மூன்றாகத் தடுத்து, வாரத்துக்கு ஒரு பாகமாக மேய்ப்பது என்று அப்பா முடிவு செய்தார். எதை வைத்துத் தடுப்பது என்பதில்தான் சண்டை.

அம்மா கருவேல முள்ளை வெட்டிப் போடச் சொன்னாள். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த சித்தப்பா, சவுக்குக் கழிகளையும் ஒரு கடப்பாரையையும் கொண்டுவந்து கழனி ஓரமாகப் போட்டார். அப்பா இரண்டையும் மறுத்தார். "சாயந்திரம் எடுத்துட்டா தடமே தெரியக் கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. காலி பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் கலவையை ஊற்றி, நடுவில் மூங்கிலை நிறுத்தி, பழைய மீன்வலையை வரிசையாகக் கட்டினார்.

"இன்னாண்ணே, ஆட்டுக்கு வேலி போடச் சொன்னா வாலிபால் நெட்டு கட்டிகினு கீற?" என்றார் சித்தப்பா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

சாலைப் பக்கமும் அதே வலைதான். மூன்றாம் நாள் கிடா ஒன்று முட்டியதில் டப்பா சாய்ந்து வலை விழுந்தது. ஆடுகள் சாலைக்கு ஓடின. தாய் செத்துப்போனதால் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டியின் மேல் கன்டெய்னர் லாரி ஏறியது. இதற்கு மேல் அதை என்னால் எழுத முடியவில்லை. அந்த லாரி நிற்கக்கூட இல்லை. ஆனால் எனக்குக் கோபம் லாரியின் மேல் இல்லை. நாலு குழி தோண்டச் சோம்பல்பட்ட அப்பாவின் மேல்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் எடுக்க அப்பா போன நேரத்தில், சித்தப்பாவின் கடப்பாரையைத் தூக்க முடியாமல் தூக்கி, சாலையோர மூலையில் நானே குழி தோண்டினேன். உள்ளங்கை கொப்பளித்தது. சவுக்குக் கழியை நட்டு, கல்லைப் போட்டு இறுக்கி, வலையைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்பா வந்து பார்த்து வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன்.

வந்தவர் குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கழியைப் பிடுங்கினார். என் முதுகில் ஒன்று வைத்தார். அவசரமாகக் குழியை மூடிக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பைக்கில் வந்து நின்றார்.

"இன்னாப்பா, குழி நோண்டிகினு கீற? இன்னிக்கு கழி நடுவ, நாளைக்கு நெலமே என்துன்னு நிப்பியா?"

"ஐயோ இல்ல சார். கொழந்த வெளாட்டுக்கு நோண்டிடுச்சு."

நான் வகுப்பில் பொய் சொல்லாத பெண் என்று பெயர் வாங்கியவள். அழுதுகொண்டே சொன்னேன்: "வெளாட்டு இல்ல. நான்தான் வேலி போட்டேன். இது எங்க கழனி."

அப்பா என் வாயைப் பொத்தினார். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டுவிட்டார். "கேட்டியா? கொழந்த சொல்லுது. வூட்ல இதைத்தான் பேசிகினு இருக்கீங்களா? போனா போவுது மேயட்டும்னு வுட்டா, இடமே உங்குளுதா? சாயந்திரத்துக்குள்ள ஒரு ஆடு இங்க இருக்கக் கூடாது."

அந்த மாதமே ஆடுகள் எல்லாம் விலைக்குப் போய்விட்டன. அப்பா ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனார். அந்த நிலத்தில் இன்றுவரை ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை. சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்ளே கருவேலம் வளர்த்துவைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

அந்த ஆள் வந்து போன அன்று சாயந்திரம் அப்பா டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் ஏற்றினார். நான் ஒரு கை கொடுக்கவில்லை. கடைசியில் அவர் என் குழி இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். பக்கத்திலிருந்து புல்லைப் பிடுங்கி வந்து, அதன் மேல் பரப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் கடப்பாரை இருந்தும் அந்த ஆளைக் கும்பிட்டு அனுப்பிய பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அப்பா அந்தக் கழனியை விற்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும், அவரும்தான், கடைசிவரை "நம்ம கழனி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.